வாயு என்றோம், ஹவா என்றார்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டி இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பாலிதீன் பை. பைக்குள் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு. நீல வார், வெள்ளை அடி, இன்னும் யாரும் போட்டு நடக்காதது. புது ரப்பரின் வாடை பையை மீறி வந்துகொண்டிருந்தது.

போர்ட் பிளேயரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமதளம் என்பது கப்பல் நிற்கிற ஜெட்டியில் மட்டும்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "பஜார்? பஜார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி அந்த வார்டுக்குப் போவதில்லை என்று அந்த நேரத்தில் நான் முடிவு செய்திருந்தேனா என்று தெரியவில்லை. இறக்கத்தில் கால் தானாகப் போனது. தானாகப் போகிற கால்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம், லாங் ஐலண்டில் மரம் இழுத்த வேலை நின்றுபோன இடத்தில் விட்டிருந்தேன். அதற்கும் இந்தச் செருப்புக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இறக்கத்துக்கு வருகிறேன்.

கயிறுதான் பேச்சு

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் அந்தமான் தீவுகளில் வேலைக்குக் குறைவில்லை. உடைந்ததையெல்லாம் யாராவது பொறுக்க வேண்டியிருந்தது. லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பேயில், அலைத் தடுப்புச் சுவருக்கு வெளியே, பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகு ஒன்று மூழ்கிக் கிடந்தது. அதன் இரும்பை அறுத்து மேலே கொண்டுவர ஒரு காண்டிராக்டர் படகு விட்டிருந்தார். அந்தப் படகில் நான் பண்டாரி. படகுக்காரர்கள் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முங்குகிற வேலை சூசைக்கு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். மீசை முளைக்கிற வயதிலேயே சங்கு குளிக்கப் போனவன். அகலமான மார்பு, ஒல்லியான கால். கால் ஒல்லியாக இருப்பதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "மீனுக்குக் காலே கிடையாது, அது நீந்தலியா?" என்பான்.

டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரெசர் ஒன்று படகின் நடுவில் இரைந்துகொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் குழாய். குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சூசை இறங்குவான். இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே ஒரு ஆளின் கையில். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. கடலுக்கு அடியில் வாய் பேச முடியாது. கயிறுதான் பேச்சு.

பன்னிரண்டு பாகம் ஆழம் இருக்கும். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். காலையில் தொடங்கி வெளிச்சம் போகும் வரை இறங்குவான், ஏறுவான். அடியில் என்ன தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுண்ணே. கலங்கலு. கையால தடவித்தான் பாக்கணும். பார்ஜுக்குள்ள ஒரு சோத்துப் பானை கெடக்கு. ஒங்கள மாதிரி ஒரு பண்டாரி இருந்திருப்பான்."

"ஆளு?"

"ஆளு இல்ல. பானை மட்டுந்தான். மூடி போட்டுக் கெடக்கு."

பலாக்கொட்டைக் குழம்பு

அந்த நாள் மற்ற நாட்களைப் போலத்தான் இருந்தது. சூசை மேலே வந்து குழாயைத் துப்பிவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். தேநீர் டம்ளரைக் கொடுத்தேன். குடித்தான். எழுந்தபோது கால் மடங்கி விழுந்தான். படகில் எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். கால் மரத்துப்போச்சு என்றான்.

கரைக்கு வருவதற்குள் இரண்டு காலும் கட்டை. அடிவயிறு உப்பத் தொடங்கியது.

"வாயுதாண்ணே," என்றான் சூசை. "மத்தியானம் பலாக்கொட்டைக் கொழம்பு வச்சியளே, அது வேலையக் காட்டிட்டு. பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, பெருங்காயம் கரைச்சுத் தண்ணி குடுங்க. கலைஞ்சிரும்."

அவன் சொன்னதில் படகில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி வரும்? கையும் காலும் விழுந்துபோனால் எங்கள் மொழியில் அதற்குப் பெயரே பாரிசவாயு. பக்கவாதம் என்றால் அந்த வாதமும் காற்றுதான். இடுப்புப் பிடித்தால் வாய்வு. மார்பு குத்தினால் வாய்வு. உடம்பில் எது நின்றாலும் காற்றின் மேல்தான் பழி.

பெருங்காயத் தண்ணீர் குடிக்கக் குடிக்க வயிறு இன்னும் உப்பியது. சூசையின் மனைவி ஜெசிந்தா கரையில் ஒரு தகர வீட்டில் இருந்தாள். ஓடி வந்தவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு திட்டினாள். "பலாக்கொட்டையக் கண்டா வாய் நிக்காது இவியளுக்கு. தின்னட்டும். நல்லாத் தின்னட்டும்." திட்டிக்கொண்டே இன்னும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

கடல் கொந்தளித்துக் கிடந்ததால் கப்பல் அடுத்த நாள்தான் கிளம்பியது. போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் குழாய் போட்டார்கள். வயிற்றிலிருந்து காற்று வரவில்லை. இறங்க வழியில்லாமல் தேங்கிக் கிடந்த சிறுநீர் வந்தது. நாங்கள் ஊற்றிய பெருங்காயத் தண்ணீர் அவ்வளவும் வந்தது.

நாங்களும் அதைத்தான் சொன்னோம்

டாக்டர் களைத்த முகத்துக்காரர். சூசையின் தொப்புளுக்கு மேலே ஊசியால் தொட்டார், சூசை முகத்தைச் சுளித்தான். கீழே தொட்டார், சூசை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "ரீட் கீ நஸ் மே ஹவா," என்றார்.

முதுகுத் தண்டின் நரம்பில் காற்று என்று ஜெசிந்தாவுக்குச் சொன்னேன்.

"அதத்தான நாங்களும் சொன்னோம்," என்றாள் ஜெசிந்தா. "சொல்லுங்கண்ணே அவியகிட்ட. வாயுன்னு மொதல்லயே கண்டுக்கிட்டோம்னு சொல்லுங்க."

நான் இந்தியில் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். காற்று என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்ததா, பிறகு ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். நான் அதை ஜெசிந்தாவுக்கு மாற்றிச் சொல்லவே இல்லை.

அவர் சொன்ன காற்று வேறு. ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்று அழுத்தம் தாங்காமல் ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. வேகமாக மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி நுரைத்து வெளியே வருகிறது. அந்தக் குமிழிகள் முதுகுத் தண்டுக்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துவிட்டன. பட்டினியில் கிடந்த தண்டு அந்த இடத்தில் செத்துவிட்டது. உடனே கொண்டுபோய் ஒரு இரும்புத் தொட்டிக்குள் வைத்து மறுபடி அழுத்தினால் குமிழி கரைய வழி உண்டு. சூசையையும் அப்படி வைத்துப் பார்த்தார்கள். தோள்வலி போனது. கால் அப்படியே இருந்தது.

நூல், குழாய் இல்லை

அதோடு குழப்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. வாயுவுக்கு அடுத்து நரம்பு.

எங்கள் பேச்சில் முழங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதும் நரம்பு, அதில்தான் ஊசி போடுகிறார்கள். குதிகாலில் இழுத்துப் பிடிப்பதும் நரம்பு. இந்தியில் நஸ் என்கிறார்கள், அங்கேயும் அதே கூட்டுக் குடும்பம்தான். அதனால் ஜெசிந்தா தன் மனதில் ஒரு படம் போட்டுக்கொண்டாள். நரம்பு ஒரு குழாய். குழாய்க்குள் காற்று நிற்கிறது. தள்ளினால் போய்விடும். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி, தொடையிலிருந்து கால்விரல் வரை தினமும் உருவினாள். கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சொடுக்குவாள், காற்று அந்த வழியாக வெளியே போகட்டும் என்று.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற லிஸ்ஸி மேடம் இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார். போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்த மலையாளப் பெண். அவர் தமிழ் பக்கத்து வீட்டில் கற்றது.

"ஜெசி, நரம்புக்குள்ள ஓட்டை இல்ல," என்றார். "பைப் இல்ல அது. நூல். ஆயிரம் நூல் சேர்ந்த கயிறு. ஒவ்வொரு நூலும் ஒரு செல்லோட வால், கேட்டோ."

"வாலா?"

"ஆமா. நியூரான்னு பேரு. உடம்பு சின்னது, கண்ணுக்குத் தெரியாது. சுத்தி மரக்கிளை மாதிரி கை இருக்கும். அந்தக் கையில சேதி வாங்கும். அப்புறம் ஒரே ஒரு வால், அதுல சேதி அனுப்பும். முதுகுல உட்கார்ந்திருக்கிற செல்லோட வால் கட்டைவிரல் வரைக்கும் போகும். நடுவுல முடிச்சு இல்ல, ஒரே செல்."

சூசை கேட்டுக்கொண்டிருந்தான். "கடலடியில அப்பிடி ஒண்ணு பாத்திருக்கேன் மேடம். நட்சத்திர மீனுதான். ஆனா கையெல்லாம் கெளை விட்டு, வலக்கூடை மாதிரி விரிஞ்சு கெடக்கும். தொட்டா சுருட்டிக்கிடும். அதுக்கு ஒரு வாலு வச்சா நீங்க சொல்லுதது."

"எனக்குத் தெரியாது. நான் கடல்ல முட்டிக்கு மேல இறங்கினதில்ல."

"தீவுல பொறந்துட்டா?"

"அம்மா விடமாட்டா."

அந்த வார்டில் சூசை நிஜமாகவே சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

தலையிலிருந்து காலுக்குச் சேதியை எத்தனை பேர் கைமாற்றுகிறார்கள் என்று கேட்டேன். நான் ஆறாம் வகுப்பில் நின்றவன். கேட்பதில் வெட்கம் கிடையாது.

"முக்கியமா ரெண்டு ஆள்தான். தலையில ஒருத்தன், அவனோட வால் முதுகுத் தண்டு வழியா கீழ இறங்கும். அங்க ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அவன் கால் சதைக்குச் சொல்லுவான். ரெண்டு பேரும் ஒட்டிக்க மாட்டாங்க. நடுவுல பொடி இடைவெளி. ஒரு துளி மருந்து மாதிரி ஒண்ணு அதைத் தாண்டும்."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. கப்பல் ஜெட்டியை எவ்வளவு ஒட்டி நின்றாலும் நடுவில் ஒரு கை அகலம் கறுப்புத் தண்ணீர் தெரியும். யாராவது கை கொடுத்தால்தான் மூட்டையோடு தாண்டலாம்.

பக்கத்தில் இருப்பவர்கள்

இன்னொரு நாள் லிஸ்ஸி சொன்னது இன்றும் மனதில் இருக்கிறது. சேதி கொண்டுபோகாத செல்களும் மூளையிலும் தண்டிலும் ஏராளம் இருக்கின்றன. வாலைச் சுற்றிக் கொழுப்பில் உறை போடுவது ஒன்று, கரண்ட் வயருக்கு மேலே இருக்கிற ரப்பர் மாதிரி. அது இருந்தால்தான் சேதி வேகமாக ஓடும். தீனி கொடுப்பது ஒன்று, குப்பை பொறுக்குவது ஒன்று.

நான் வார்டைப் பார்த்தேன். கட்டிலில் இருப்பவர்களைவிடத் தரையில் இருப்பவர்கள் அதிகம். விசிறுகிறவர்கள், சோறு ஊட்டுகிறவர்கள், மூத்திரப் பையைக் காலி செய்கிறவர்கள். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது என்பதால், பொழுது சாய்ந்தால் ஜெசிந்தா வெளியே போய் வராந்தாவில் படுப்பாள், நான் உள்ளே கட்டிலுக்குக் கீழே.

"அப்ப அதுங்க சேந்து சரி பண்ணாதா?" என்றேன்.

லிஸ்ஸி பிரித்துச் சொன்னார். விரலில் வெட்டுப்பட்டால் அங்கே உள்ள நரம்பு மெல்ல வளர்ந்துவிடும், நகம் வளர்கிற மாதிரி. அது வெளிக்கிளை. மூளையும் தண்டும் வேறு. அங்கே அடிபட்டால் இந்தத் துணைச் செல்கள்தான் முதலில் ஓடி வரும். காயத்தைச் சுற்றி நெருக்கமாக நின்று தழும்பு போட்டு மூடும். காயம் பரவாமல் காப்பது அதுதான். ஆனால் அறுந்த வால் பிறகு வளர்ந்து வந்தால், அந்தத் தழும்பைத் தாண்ட முடியாது.

"ஒதவிக்கு வந்ததுதான் வழிய மறிக்குதா?" என்றான் சூசை.

"ஆமா சேட்டா," என்றார் லிஸ்ஸி.

சூசை விரலால் தன் இடுப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். பிறகு, "அப்ப என் இடுப்புக்குக் கீழ தீவு," என்றான். "மேல மெயின்லேண்ட். கப்பல் நின்னுபோச்சு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு நிக்கோபார் பக்கம் இருக்கிற கச்சால் தீவு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். அரசாங்கம் கச்சாலில் ரப்பர் வெட்டுகிற வேலை கொடுத்துக் குடியேற்றியது. நான் அங்கே பிறந்து, அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்தேன். சுனாமித் தண்ணீர் வந்தபோது நடு அந்தமானில் இருந்தேன். போர்ட் பிளேயர் ஜெட்டிக்கு ஓடி வந்து, வருகிற கப்பலை எல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போன் இல்லை, வயர்லெஸ் இல்லை. கச்சால் இருக்கிறதா என்றே ஒருவருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் கச்சால் செத்துப்போகவில்லை. மேட்டில் தப்பியவர்கள் இளநீர் வெட்டிக் குடித்தார்கள். பன்றிகள் உலாத்தின. யாரோ கஞ்சி காய்ச்சினார்கள். உயிர் இருந்தது, சேதி மட்டும் வரவில்லை. பிறகு சேதி வந்தது. அப்பா இருந்தார். தங்கச்சி அன்று கடற்கரைப் பக்கம் போயிருந்தாள்.

கால் உதைத்த காலை

முதல் சில வாரங்கள் சூசையின் கால்கள் ஈரத் துணி மாதிரிக் கிடந்தன. தூக்கிவிட்டால் விழும். பாதம் வீங்கிப் பளபளத்தது. மார்புக்கூட்டுக்குள் இதயம் அடித்தது, குடல் ஓடியது. அதற்கெல்லாம் நரம்பிலேயே வேறொரு பிரிவு உண்டாம். நாம் உத்தரவு போடாமலே நடத்திக்கொள்ளும். மூத்திரத்துக்கு மட்டும் குழாய்தான்.

ஒரு காலையில் ஜெசிந்தா ஈரத் துண்டால் அவன் உள்ளங்காலைத் துடைத்தாள். கால் சட்டென்று முழங்காலில் மடங்கி மேலே வந்தது. துண்டு கீழே விழுந்தது.

இன்னொரு தடவை தொட்டாள். இன்னொரு தடவை மடங்கியது.

அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ராங்கத் ஊரிலிருந்து வந்த ஒரு பெங்காலிக் கிழவர், "ஜான் ஆ கயா, ஜான் ஆ கயா," என்று கை தட்டினார். உயிர் வந்துவிட்டதாம். ஜெசிந்தா காலைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாதா கோவிலுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அபர்டீன் பஜாரிலிருந்து ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது ஹவாய் செருப்பு.

சூசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஹவா வந்தவனுக்கு ஹவாய் செருப்பு," என்றான். வார்டே சிரித்தது.

இரண்டு நாள் கழித்து லிஸ்ஸி வந்தபோது ஜெசிந்தா அவரை வேடிக்கை பார்க்கக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிட்டாள். லிஸ்ஸி பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் ஜன்னல் பக்கம் பறந்தது. கிழவர் மறுபடி கை தட்டினார். லிஸ்ஸி கை தட்டவில்லை. ஜெசிந்தாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார், என்னையும்.

"ஜெசி, இது தலையில இருந்து வர்றது இல்ல. கால்ல தொட்டா, உணர்ச்சி கொண்டுபோற நூல் முதுகுக்குப் போகும். முதுகுல இருக்கிற ஆளு உடனே, 'உதை' அப்படிம்பான். சேதி அங்கேயே திரும்பிரும். தலைக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒதைக்குதுல்லா மேடம்? ஒங்களையும் என்னையும்விட நல்லா ஒதைக்குது."

"அதுதான். நமக்கு ஏன் அவ்வளவு உதைக்கல? தலை மேல இருந்து, 'போதும், போதும்'னு பிடிச்சு வைக்கும். சேட்டனுக்குப் பிடிச்சு வைக்க மேல ஆள் இல்ல. அதனால துள்ளுது. இனிமே இன்னும் துள்ளும், ராத்திரி தூங்கவிடாது."

ஜெசிந்தா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கடலில் ஒரு சின்னக் கப்பல் ஹேவ்லாக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது மறைகிற வரை பார்த்தாள்.

"அண்ணே," என்றாள் என்னிடம். "அவியகிட்ட இத சொல்லிராதிய. ஒதைக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ரெண்டு நாளா நாலு வாய் சேத்துத் திங்கிறாவ. நானும் வாய் தொறக்கமாட்டேன்."

கண்ணைக் கட்டுங்க

அடுத்த நாள் மதியம் ஜெசிந்தா துணி அலசப் போயிருந்தாள். சூசை என்னைக் கிட்டே கூப்பிட்டான். துண்டால் கண்ணைக் கட்டச் சொன்னான்.

"எதுக்குடா?"

"கட்டுங்கண்ணே. கட்டிட்டு என் கால்விரல்ல ஏதாவது ஒண்ணப் பிடிங்க. எதுன்னு நான் சொல்லுதேன்."

கட்டினேன். இடது கட்டைவிரலைப் பிடித்தேன்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சுட்டேன்."

"எப்ப பிடிச்சிய?"

சுண்டுவிரலுக்கு மாறினேன். கால் சிலிர்த்து மடங்கியது. கட்டில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"இப்ப ஒதைச்சுதோ?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதுண்ணே." துண்டை அவனே இழுத்துக் கழற்றினான். "கயிறு ஆடுது, அடியில ஆளு இல்ல. மொத நாளே தெரியும். கடலுல வேல செஞ்சவனுக்கு இது தெரியாதா?"

ஜன்னல் திண்டில் செருப்பு இரண்டும் சேர்ந்து இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜெசிகிட்ட மூச்சு விட்டுராதிய. அவ செருப்பு வாங்கி வச்சிருக்கா. கொஞ்ச நாள் இருக்கட்டும். நான் ரெண்டு வாய் சேத்துத் தின்னா அவளுக்குச் சந்தோசம். தின்னுட்டுப் போறேன்."

ஈரத் துணியோடு ஜெசிந்தா வந்தாள். "கால் ஒதைச்சுதா?" என்று கேட்டாள். "நல்லா ஒதைச்சுது," என்றான் சூசை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்படியே நாட்கள் போயின. கால் நாளுக்கு நாள் பலமாகத் துள்ளியது. துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அவள் மாதாவைக் கூப்பிட்டாள், அவன் சிரித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்ப்ரெசர் சத்தத்தில்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கிறது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் வரவில்லை.

நான் இறக்கத்தில் நடந்த அந்த மாலை, ஜெசிந்தா அவன் காலில் செருப்பைப் போட்டுப் பார்த்தாள். வீங்கிய பாதம் வாருக்குள் நுழையவில்லை. இழுத்துப் பார்த்தாள். கால் உதைத்து, செருப்பு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"அண்ணே, கடைக்காரன் மாத்தித் தருவான். ஒரு அளவு பெருசா வாங்கியாங்க," என்றாள்.

"ஆமாண்ணே," என்றான் சூசை, அவள் முகத்தைப் பார்க்காமல். "பெருசாவே வாங்கிருங்க."

மறுபடியும் இறக்கம்

அபர்டீன் பஜாரில் விளக்கு போட்டிருந்தார்கள். செருப்புக் கடைக்காரர் பையை வாங்கி, அடியைத் தடவிப் பார்த்தார். தேய்ந்த தடமே இல்லை.

"போடவே இல்லையே பாய். அளவு எப்படித் தெரியும்? ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"ஆளு வரமுடியாது. கால் வீங்கியிருக்கு."

"வீக்கம்னா ஹவாய் நிக்காது. விரலால கவ்விப் பிடிக்கணும். பின்னால பட்டி வச்சது எடுத்துட்டுப் போங்க. கழண்டு விழாது."

பட்டி வைத்ததை எடுத்துக்கொண்டேன். மேற்கொண்டு கொடுக்க வேண்டிய காசைக் கொடுத்தேன். கடையை விட்டு இறங்கினால் டவுன் பஸ்ஸுக்காக லிஸ்ஸி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

பையை நீட்டினேன். "நாளைக்கு ஜெசிகிட்ட குடுத்துருங்க மேடம்."

லிஸ்ஸி உள்ளே எட்டிப் பார்த்தார். நல்ல செருப்பா என்று கேட்கவில்லை. "நீங்க வரலையா?"

"வேலை பாக்கணும்."

"என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பஸ் வந்தது. அவர் ஏறினார். ஜன்னல் வழியாகப் பை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் ஜங்லிகாட் பக்கம் நடந்தேன். மீன் ஜெட்டியில் ஐஸ்பெட்டி ஒன்றின் மேல் படுத்தேன்.

விடிந்ததும் ஒரு படகில் ஆள் கேட்டார்கள். மூழ்கிப்போன ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினைத் தூக்குகிற வேலை. சமைக்கத் தெரியும் என்றேன்.

"பண்டாரி இருக்கான். கயிறு பிடிக்க ஆள் வேணும். பிடிச்சிருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"அது போதும்."

முங்குகிறவன் ஒரு தெலுங்கன். பெயர் கேட்பதற்குள் குழாயைக் கடித்துக்கொண்டான். கம்ப்ரெசர் இரைந்தது. அவன் இறங்கினான், கயிறு என் உள்ளங்கையில் உரசிக்கொண்டு போய் நின்றது. தண்ணீர் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறு ஒரு தடவை துள்ளியது.

அது அவனா, அடியில் ஓடுகிற நீரோட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு தடவை இழுத்தேன்.